இரண்டு நிறுவனம், ஒரே கம்பம்: கோத்தகிரிப் பக்கத்து மருத்துவமனை ஒன்று தொலைபேசி லைன் மாற்றிய நிகழ்வு

பின்னணி

கோத்தகிரி வட்டாரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்களுக்கும்) நடுவே இருக்கும் சிறிய தனியார் மருத்துவமனை இது. படுக்கைகள் இருபதுக்குச் சற்று மேல். மருத்துவர்கள் கணவனும் மனைவியும். அவர்களோடு செவிலியர்கள், ஒரு ஆய்வகம், ஒரு மருந்துக்கடை, இரவு பகல் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை. ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போகும்முன் சுற்றுவட்டாரத்து மக்கள் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

மருத்துவரின் தந்தை காலத்தில் வாங்கிய லேண்ட்லைன் எண் ஒன்று உண்டு. 04266 என்ற பகுதிக் குறியீட்டுக்குப் பின் வரும் அந்த எண் இந்த வட்டாரத்தில் பலருக்கு மனப்பாடம். எஸ்டேட் அலுவலகப் பலகைகளிலும் ஊர்க் கடைகளின் சுவர்களிலும் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து ஹட்டி ஒன்றில் மூதாட்டி ஒருவர் தம் வீட்டுக் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததை நானே பார்த்தேன். இந்த எண்ணோடு இன்னும் இரண்டு செம்புக் கம்பி லைன்களைச் சேர்த்து, ஒன்று பிஸியானால் அடுத்ததற்குப் போகும்படி ஹன்டிங் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒரு பழைய இபிஏபிஎக்ஸில் (வெளி லைன்களை உள் தொலைபேசிகளோடு இணைக்கும் பெட்டி) சேர்ந்து, பதினாறு எக்ஸ்டென்ஷன்களாகப் பிரிந்தன.

நான் இந்த மலையில் இன்டர்காம், தொலைபேசிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். 2023 இறுதியில் மருத்துவர் என்னை அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "லைனை மாத்திடலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனிக்குப் போகலாம்னு நீங்க பாத்துச் சொல்லுங்க." அதிலிருந்து அடுத்த மழைக்காலம் முடியும் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். யாருடைய பெயரும், எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கனமழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை செம்புக் கம்பி லைன்கள் படும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும், கம்பிகள் பிரியும் டிபி பெட்டியில் துரு ஏறும், சாலை வேலைக்கு வரும் ஜேசிபி நிலத்தடி கேபிளைக் கிழிக்கும். மழைக்கு முன்பான இடியிலும் கம்பி வழியே மின்னல் ஏறி இபிஏபிஎக்ஸ் கார்டு எரிந்துபோனது உண்டு.

மருத்துவமனையைப் பதற வைத்தது இவை எதுவுமல்ல. அந்த நவம்பரில் ஓர் இரவு, நெஞ்சுவலி வந்த பெரியவர் ஒருவரின் வீட்டார் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனை பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்து ஜீப்பை நேரே குன்னூருக்கு விட்டார்கள். பெரியவர் பிழைத்தார். ஆனால் அன்று இரவு முழுக்க வரவேற்பு மேசையில் ஆள் இருந்தார், மருத்துவரும் மாடியில்தான் இருந்தார். அவர்கள் பக்கம் ஒரு மணிகூட அடிக்கவில்லை.

செம்பு லைன் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இது எப்படி நடந்தது என்று புரியும். கம்பி அறுந்துபோனால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு அது யாரும் பேசாமல் காலியாக இருக்கும் லைனாகவே தெரியும். அழைப்பு வந்ததும் எக்ஸ்சேஞ்ச் மணியை அனுப்பும், அழைத்தவர் காதில் ரிங் கேட்கும். மணி போய்ச் சேர மறுமுனைதான் இருக்காது. லைன் காலி என்றே கணக்காவதால் ஹன்டிங்கும் அடுத்த லைனுக்குத் தாவாது. கம்பிகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டினால் நடப்பது நேர்மாறு: யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைக்கும், அழைப்பவருக்கு எப்போதும் பிஸி. முதல் எண் அறுந்து கிடந்த அந்த இரவில், மற்ற இரண்டு லைன்களும் நன்றாக இருந்தும் ஒரு பயனும் இல்லாமல் போனது இதனால்தான்.

முதலில் பார்த்தது

விலைப்பட்டியல் எதையும் தொடும்முன் வரவேற்பு மேசையில் ஒரு நீளநோட்டு வைக்கச் சொன்னேன். வரும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நேரம், எந்த ஊர், என்ன கேட்டார் என்று மூன்று பத்தி. வெளியே போகும் அழைப்புகளுக்கு இபிஏபிஎக்ஸே கணக்கு வைக்கும்.

வரவேற்பில் இருந்த பெண் அந்த நோட்டை அக்கறையாக எழுதினார். அதைப் படித்ததில் சில விஷயங்கள் தெளிவாகின. அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வி: "டாக்டர் இருக்காருங்களா?" காலை எட்டு மணி முதல் பத்து வரை நெரிசல், மாலையில் ஆய்வக முடிவு கேட்பவர்கள், இரவில் எண்ணிக்கை குறைவு, ஆனால் அவசரம் எல்லாம் அப்போதுதான். ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வருவது சாதாரணம், மூன்றாவது வருவது அரிது. அழைப்பவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். அவர்களில் பலர் வீட்டில் படக மொழி பேசுபவர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் நிறைய.

இன்னொன்றும் வெளிவந்தது. "இந்த நம்பருக்கு அடிச்சா வேற யாரோ எடுக்கறாங்க" என்று சிலர் குறைப்பட்டிருந்தார்கள். மருந்துச் சீட்டின் அடியில் அச்சாகியிருந்த கைப்பேசி எண்ணைப் பார்த்தால், வேலையை விட்டுப் போய்விட்ட கணக்கர் ஒருவரின் சொந்த எண் அது. அவர் திருப்பூரில் வேறு வேலையில் இருந்தார், பாவம், இன்னும் நோயாளிகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் எண் என்று ஊர் நம்பியிருந்த ஒன்று மருத்துவமனையின் பெயரில் இல்லவே இல்லை.

மின்சாரத்தையும் பார்த்தேன். ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் இபிஏபிஎக்ஸ் சொருகியிருந்த பிளக் ஜெனரேட்டர் சர்க்யூட்டில் இல்லை. கரண்ட் போனால் இன்டர்காம் முழுதும் செத்துவிடும். பழைய செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் டிசி வந்துவிடும் என்பதால் நேரடியாகச் சொருகிய ஒரு சாதாரணப் போன் மட்டும் அப்போது பேசும். ஃபைபருக்கு (கண்ணாடியிழைக் கேபிளுக்கு) மாறினால் அந்த வசதி இருக்காது. நம் கட்டிடத்தில் இருக்கும் மோடத்துக்கு நாமே மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

கைக்கு வந்த வழிகள்

மருத்துவமனைக்கு ஏற்கெனவே நான்கு பேர் விலை கொடுத்திருந்தார்கள்.

பழைய நிறுவனமே செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போடுவதாகச் சொன்னது, எண் மாறாது. ஒரு பெரிய தனியார் நிறுவனம் பிராட்பேண்டும் குரல் அழைப்பும் சேர்த்துக் குறைந்த வாடகைக்குத் தந்தது, ஆனால் எண் புதிது. ஊரில் கேபிள் டிவி நடத்துபவர் தன் ஃபைபரில் இணையமும், அதன் மேல் ஒரு ஆப் வழியே தொலைபேசியும் தருவதாகச் சொன்னார். நான்காவது, சமவெளி நகரம் ஒன்றிலிருந்து வந்த, இணையம் வழியே அழைப்புகளைக் கையாளும் கிளவுட் டெலிபோனி நிறுவனம்: ஒரு எண், அதற்கு ஐவிஆர், "மருத்துவருக்கு ஒன்றை அழுத்தவும், ஆய்வகத்துக்கு இரண்டை அழுத்தவும்" என்று குரல், தவறிய அழைப்புகளின் பட்டியல், பதிவு, அறிக்கை எல்லாம்.

பெரிய அலுவலகங்கள் வாங்கும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு பிஆர்ஐ என்றால் முப்பது சேனல், அதாவது ஒரே நேரத்தில் முப்பது அழைப்பு. ஒரே நேரத்தில் மூன்று அழைப்பைத் தாண்டாத இடத்துக்கு அது தேவையே இல்லை என்று அதே உட்காரலில் ஒதுக்கிவிட்டோம். இணையவழி லைனான எஸ்ஐபி ட்ரங்க் கேட்டபோதும் குறைந்தபட்சம் இத்தனை சேனல், இத்தனை ஆண்டு என்ற நிபந்தனைதான் வந்தது.

எண்ணை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. கைப்பேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. நிறுவனத்தை விட்டால் எண்ணையும் விட வேண்டும். மலிவாகக் கொடுத்த தனியார் நிறுவனத்தின் விற்பனையாளர் "பழைய நம்பர்ல இருந்து எங்க நம்பருக்குத் திருப்பி விட்டுக்கலாம் சார்" என்றார். திருப்பிவிடலாம். அதற்குப் பழைய இணைப்பும் வாடகை கட்டி உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை.

விலையை ஒப்பிடும்போது இன்னொரு கணக்கும் குறுக்கே வந்தது. தொலைத்தொடர்புச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வியாபாரம் செய்பவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் மருத்துவமனைக்கு அந்தக் கழிவு கிடையாது. கட்டிய வரி முழுவதும் செலவுதான். விலைத்தாள்கள் அனைத்திலும் வரி சேர்க்காத தொகைதான் பெரிய எழுத்தில் இருந்தது.

கம்பத்துக்குக் கம்பம்

விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றைத் தேடி மருத்துவமனை வாசலிலிருந்து சந்தை வரை நடந்தோம். நானும், மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன் தம்பியும். ஒவ்வொரு நிறுவனத்தின் கம்பியும் எந்த வழியாக வருகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வாசலில் மின்கம்பம். அதில் மூன்று கறுப்பு கேபிள்கள் தனித்தனியாக ஏறின. வளைவு தாண்டியதும் மூன்றும் ஒரே கொக்கியில் சேர்ந்தன. அதற்கப்புறம் சாலையோரச் சரிவில் சீகை மரங்களுக்கும் கற்பூர மரங்களுக்கும் கீழே ஒரே கம்ப வரிசைதான். ஒரு கம்பத்தில் மிச்ச ஃபைபரை வளையமாகச் சுருட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய தனியார் நிறுவனத்தின் சீட்டு ஒட்டிய வளையத்தையும் பழைய நிறுவனத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரரின் வளையத்தையும் ஒரே பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தது. குரங்கு இழுத்ததில் மேலுறை உரிந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே, மண் அரித்து வேர் பாதி வெளியே தெரிந்த ஒரு சீகை மரம் சாலைப் பக்கம் சாய்ந்து நின்றது.

அந்த மரம் விழுந்தால் இரண்டு நிறுவனமும் ஒன்றாகப் போகும். இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டி, "ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த மலையில் பலர். 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் சாலைகள் சரிந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: சாலையோடு போகும் கம்பி சாலையோடுதான் போகும்.

கேபிள்காரரின் வழியில் இன்னொரு சங்கதி இருந்தது. முறையாகப் போட்ட ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் நம் மோடத்துக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. இழையைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான். இவருடைய லைனோ சந்தைப் பக்கம் ஒரு பேக்கரியின் பரணில் இருந்த சுவிட்ச் பெட்டிக்குள் போய் வெளியே வந்தது. பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "ராத்திரி கடை அடைக்கறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தாங்க போவோம்" என்றார். அவர் செய்வது சரிதான், கடைக்குப் பாதுகாப்பு அது. ஆனால் மருத்துவமனையின் இரவு அழைப்புகள் ஒரு பேக்கரியின் மெயின் சுவிட்சில் நிற்க முடியாது.

கிளவுட் எண்ணைச் சோதித்தது

ஐவிஆர் வேண்டாம் என்று மருத்துவரின் மனைவி முதலிலேயே சொன்னார். ஆனாலும் அந்த நிறுவனம் இலவசமாகச் சோதித்துப் பார்க்கத் தந்ததால் சில வாரம் ஓட்டினோம். தவறிய அழைப்புகளின் பட்டியல் உண்மையிலேயே நல்ல வசதி. யார் எப்போது அழைத்து எடுபடாமல் போனது என்று தெரிந்து, வரவேற்பிலிருந்து திருப்பி அழைக்க முடிந்தது.

இரண்டு இடத்தில் அது இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. பதிவுக் குரல் தொடங்கியதும் வயதானவர்கள் வைத்துவிட்டார்கள். "மெஷின் பேசுதுங்க, டாக்டர் இல்லைபோலன்னு வெச்சுட்டேன்" என்று ஒருவர் நேரில் வந்து சொன்னார். சிலரிடம் இருந்தது கயிறு கட்டிய பழைய பட்டன் போன், காதிலிருந்து எடுத்து எண்ணை அழுத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். அடுத்தது, மருத்துவமனை திருப்பி அழைக்கும்போது அவர்கள் திரையில் தெரிந்தது வெளியூர்க் குறியீட்டுடன் ஒரு எண். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளுக்குப் பழகிப்போன மக்கள் அதை எடுக்கவே இல்லை. ஆய்வக முடிவு மோசமாக இருக்கும் நோயாளியை உடனே வரவழைக்க வேண்டிய அழைப்பு அப்படி எடுபடாமல் போவது சாதாரண விஷயமில்லை.

கட்டணமும் இரு பக்கமும் ஓடியது. நோயாளி அழைத்ததை மருத்துவமனையின் போனுக்கு இணைக்கும் இரண்டாவது இணைப்புக்கும் அந்த நிறுவனம் நிமிடக் கணக்கு போட்டது. உரையாடலைப் பதிவு செய்யும் வசதியை மருத்துவர்கள் ஒரே வார்த்தையில் மறுத்தார்கள். நோயாளி சொல்வது வெளியூர் சர்வர் ஒன்றில் கிடக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பழைய எண் இருக்கும். அதே நிறுவனத்திடம், செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறும். ஊரே அறிந்த எண்ணை மாதம் சில நூறு ரூபாய் சேமிப்பதற்காக விடுவதில் அர்த்தமில்லை என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. மற்ற இரண்டு செம்பு லைன்களையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் முடிவானது.

இரண்டாவது வழி கம்பியில் வரக்கூடாது. கைப்பேசி நெட்வொர்க்கில், சிம் போட்ட டெஸ்க் போன் கருவி ஒன்றை வெளிப்புற ஆன்டெனாவோடு கூரையில் ஏற்றி, இபிஏபிஎக்ஸில் ஒரு ட்ரங்க் (வெளி) லைனாகவே சேர்ப்பது. கட்டிடம் பழைய கருங்கல் சுவர், உள்ளே சிக்னல் நிற்காது. அதனால் ஆன்டெனா தேவைப்பட்டது. 4ஜி குரல் அழைப்பைத் தாங்கும் கருவியாகவே வாங்கினோம். 2ஜி மட்டும் தெரிந்த பழைய கருவிகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன, அவற்றில் எல்லா நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யாது.

எந்த நிறுவனத்தின் சிம் என்பதை டவரைப் பார்த்து முடிவு செய்தோம். மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் டவரில் இரண்டு நிறுவனங்கள் குடியிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மின்சாரம், ஒரே ஜெனரேட்டர். அந்த டவருக்கு வரும் ஃபைபரும் நாங்கள் நடந்து பார்த்த அதே சாலை வழி. எதிர்ப்பக்க மலைமுகட்டில் மூன்றாவது நிறுவனத்தின் டவர் இருக்கிறது, அதன் தொடர்பு கம்பியில்லாமல் மைக்ரோவேவ் தட்டு வழியாகப் போகிறது. சிக்னல் கோடு அதில் ஒன்று குறைவுதான். ஆனாலும் அதையே எடுத்தோம்.

அந்தச் சிம் மருத்துவமனையின் பெயரில் வாங்கப்பட்டது. நிறுவனப் பெயரில் வாங்கினாலும் பயன்படுத்துபவரின் அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருப்பதால் பத்திரங்களுக்குச் சற்று அலைச்சல். அதற்குப் பலன் உண்டு: ஊழியர் மாறினாலும் எண் போகாது. நாளைக்கு இந்த நிறுவனம் சரிவராவிட்டால், நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதத்தோடு வேறொன்றுக்கு எண்ணையும் கொண்டுபோகலாம். லேண்ட்லைனில் இல்லாத உரிமை இதில் இருக்கிறது. ஆகவே இனி அச்சடிக்கும் சீட்டுகளில் பழைய எண்ணும் இந்த எண்ணும் மட்டுமே வரும் என்று தீர்மானித்தார்கள். திருப்பூரில் இருந்த கணக்கரும் தன் சொந்த எண்ணுக்கு வந்த நோயாளிகளின் அழைப்புகளிலிருந்து விடுபட்டார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கால் ஃபார்வர்டிங், அதாவது வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது. இது நம் போனில் அமைவது போலத் தோன்றும். உண்மையில் பதிவாவது எக்ஸ்சேஞ்சில். எனவே நம் கட்டிடத்துக்கு வரும் கம்பி முழுதாக அறுந்திருந்தாலும், எல்லா அழைப்பையும் திருப்பு என்று முன்பே சொல்லியிருந்தால் எக்ஸ்சேஞ்ச் திருப்பிவிடும். சிக்கல் ஒன்று: லைன் செத்தபின் நம் போனிலிருந்து அந்தக் கட்டளையைக் கொடுக்க முடியாது. அதற்காக, வாய்மொழித் தகவலின் பேரில் ஃபார்வர்டிங் போட்டுத் தருமாறு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, எக்ஸ்சேஞ்ச் அலுவலர் ஒப்புதல் முத்திரையோடு பிரதியை வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். எண் எடுபடாத நேரத்திலும் அதே கைப்பேசி எண்ணுக்குத் திரும்பும்படி இன்னொரு ஏற்பாடும் எப்போதும் இருக்கும். திருப்பிய அழைப்புக்குக் கட்டணம் நம் கணக்கில்தான் ஏறும். எடுத்திருந்த திட்டத்தில் அது அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம்.

மாற்றிய வாரம்

2024 கோடையில், சீசன் நெரிசல் முடியும்முன் வேலை நடந்தது. மோடத்துக்கும் இபிஏபிஎக்ஸுக்கும் ஜெனரேட்டர் சர்க்யூட்டில் தனி பிளக். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளிக்கும், டீசல் தீர்ந்தால் அதற்கு மேலும், லித்தியம் பேட்டரி வைத்த சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் மோடத்துக்கு.

மாறிய அன்றே ஒரு தொல்லை தலைகாட்டியது. மோடத்தின் போன் துளையிலிருந்து இபிஏபிஎக்ஸுக்கு லைன் கொடுத்ததும் அழைப்பு வந்தது, பேச முடிந்தது. ஆனால் வெளியே இருப்பவர் வைத்தபின்னும் இபிஏபிஎக்ஸ் லைனை விடவில்லை. பேச்சு முடிந்தது என்று பழைய லைனில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த சைகையை இந்த மோடம் கொடுக்கவில்லை, பிஸி டோனை மட்டும் கொடுத்தது. லைன் மாட்டிக்கொண்டு நிற்க, அடுத்த நோயாளிக்கு பிஸி. இந்தியாவின் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். இபிஏபிஎக்ஸில் அந்தத் தாளத்தைக் கேட்டால் லைனை விடு என்று புரோகிராம் செய்தபின் சரியானது. ஃபைபருக்கு மாறிய பல அலுவலகங்களில் "லைன் எப்பவும் பிஸி" என்று வரும் புகாருக்கு இதுவே காரணம். நிறுவனத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் மோடத்தைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், பழுது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

செவிலியர்களுக்கு இன்னொரு குழப்பம். லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி. இன்டர்காமில் வெளி லைன் எடுக்கவும் பூஜ்யம். இரண்டு பூஜ்யம் என்று எல்லா எக்ஸ்டென்ஷனிலும் ஒரு சீட்டு ஒட்டியதும் அது அடங்கியது.

மாற்றிய வாரத்திலேயே சோதனையும் செய்தோம். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி ஃபார்வர்டிங் போட்டபின் மோடத்திலிருந்து ஃபைபரைக் கழற்றி, வெளியிலிருந்து பழைய எண்ணுக்கு அழைக்கச் சொன்னோம். கூரை ஆன்டெனா வழியே வரவேற்பு மேசையில் மணி அடித்தது. இரவு ஊழியரையும் வரச்சொல்லி அவர் கையாலேயே இன்னொரு முறை செய்ய வைத்தார் மருத்துவர்.

மழைக்காலத்தில் நடந்தது

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒரு பின்மாலையில் ஃபைபர் போனது. சாய்ந்து நின்ற அந்தச் சீகை மரமல்ல, அதற்கு மேலே சரிவில் இருந்த கற்பூர மரத்தின் கிளை. கம்ப வரிசையில் தொங்கிய எல்லாக் கேபிளும் சேர்ந்தே கீழே வந்தன. பெரிய தனியார் நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்த பக்கத்து விடுதிக்கும் அன்று இணையம் போனது, போனும் போனது.

வரவேற்பில் இருந்த பெண் மோடத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும், கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தின் எண்ணைச் சொல்லி எக்ஸ்சேஞ்சுக்குத் தன் கைப்பேசியிலிருந்து பேசினார். சற்று நேரத்தில் ஃபார்வர்டிங் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய இடைவெளியிலும், எடுபடாத அழைப்புகள் திரும்பும் ஏற்பாடு தன் வேலையைச் செய்தது. அன்று இரவு பழைய எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு மருத்துவமனையில் ஆள் எடுத்தார். அவர்களில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணின் மாமியாரும் உண்டு. நீளநோட்டில் அந்த வரி இருக்கிறது: ஊர் பெயர், நேரம், "வரச் சொல்லியாச்சு".

குறைகளும் இருந்தன. ஒரே சிம் என்பதால் ஒருவர் பேசும்போது அடுத்தவருக்கு பிஸி. காற்று பலமாக அடித்தபோது குரல் உடைந்தது, ஆன்டெனாவின் குழாய் ஆடியதே காரணம். ஃபைபரை ஒட்டிச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனது. அவ்வளவு நாளும் இணையம் இல்லாததால் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒப்பேற்றினார்கள். பழுது நீண்ட நாட்களுக்கு வாடகைக் கழிவு கேட்டு எழுதிக் கொடுத்தபின் அடுத்த பில்லில் கழித்தார்கள். கேட்காமல் கழிப்பதில்லை.

மாதச் செலவு முன்பிருந்த மூன்று செம்பு லைன்களின் வாடகையைவிடச் சற்றுக் கூடுதல். மிகவும் மலிவாக வந்த விலைத்தாளோடு ஒப்பிட்டால் கணிசமாகக் கூடுதல். மருத்துவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டிருப்பவை

ஆன்டெனாக் குழாய்க்கு இரும்புத் தாங்கு வைத்தாயிற்று. அதே மலைமுகட்டு டவரில் இரண்டாவது சிம் ஒன்றும் மருத்துவமனையின் பெயரிலேயே வாங்கி, முதல் சிம் பிஸியானால் அதற்குப் போகும்படி செய்திருக்கிறது. மாதம் ஒரு முறை ஃபைபரைக் கழற்றிச் சோதிப்பது இரவு ஊழியரின் வேலைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் அலுவலர் மாற்றலாகிப் போனால் கடிதத்தைப் புதியவரிடம் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறோம்.

தவறிய அழைப்புகளின் பட்டியல் இல்லாமல் போனதில் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு வருத்தம். சிம் கருவியிலேயே அந்தப் பட்டியலை எடுக்க முடிவதால் காலையும் மாலையும் பார்த்துத் திருப்பி அழைக்கிறார். லேண்ட்லைனுக்கு, அழைப்பவர் எண்ணைச் சேமிக்கும் ஒரு காலர் ஐடி போன் நேராக மோடத்தில் இணையாக இருக்கிறது.

சீகை மரத்தைப் பற்றி வருவாய்த் துறைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தின் உட்பாதை வழியாக, சாலையைத் தொடாமல் இன்னொரு ஃபைபர் கொண்டுவர முடியுமா என்று பெரிய தனியார் நிறுவனத்தைக் கேட்டிருக்கிறோம். தோட்ட நிர்வாகம் கம்பம் நட ஒப்புக்கொண்டுவிட்டது, நிறுவனத்தின் பதில் வரவில்லை. சாலை வழிதான் வரும் என்று சொன்னால் அந்த இணைப்பை வாங்குவதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இபிஏபிஎக்ஸில் ஒரு ட்ரங்க் துளை அதுவரை காலியாக இருக்கும்.